நூற்றுப் பதினெட்டு டிகிரிப் பொய்

அத்தியாயம் 3

"செத்துடுச்சு மேடம்" என்றான் சாலமன். "மணி பதினொன்னு முப்பத்தி ரெண்டு. சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பலாமா?"

செத்தது கம்ப்யூட்டர். வாங்கி இரண்டு வாரம்கூட முடியாத புத்தம் புதுக் கம்ப்யூட்டர். திரையின் வலது மூலையில் 38 டிகிரி என்று பச்சையில் சாதுவாக எரிந்துகொண்டிருந்த எண், கண் மூடித் திறப்பதற்குள் சிவப்பில் 118 ஆனது. பெட்டி கீச்சென்று கத்தியது. அப்புறம் திரை கறுத்துப் போனது.

கலியபெருமாள் அப்போதுதான் எடுத்துப் பார்த்த செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் உப்பள அலுவலக மேசையை ஓங்கித் தட்டினார்.

"பாத்தீங்களா? நான் சொன்னா நம்பலியே! சூடு நூத்திப் பதினெட்டு. கரண்டு பன்னெண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்துல மூணு புள்ளி ஒம்போது. வெளியில லாரி நிக்குது, பில்லு போட முடியல. இது புது மிஷினா? பழைய சாமானைப் புதுப் பெட்டியில போட்டு என் தலையில கட்டிட்டா அந்தப் பொண்ணு!"

மரக்காணத்தில் கலியபெருமாளைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினாறு வயதில் அடுத்தவன் பாத்தியில் உப்பு வாரப் போனவர். இன்றைக்கு அவருடைய பாத்திகளைச் சுற்றி நடந்து முடிக்க அரை நாள் வேண்டும். நடக்கிறவருக்குத் தொப்பியும் வேண்டும், ஏனென்றால் மே மாதத்து உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும்.

அவர் வரவழைத்த பாக்கியலட்சுமிக்கு வயது நாற்பத்தி நான்கு. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரியின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தாள். 'தானாக' எரிந்துபோன குடோன்களை எரித்த ஆள் யார் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே அவள் வேலை. சாலமன் அவளுடைய உதவியாளன். வண்டி ஓட்டுவான், போட்டோ எடுப்பான், கேட்காமலே பேசுவான்.

"எங்களால என்ன ஆகணும்னு தெளிவா சொல்லுங்க ஐயா" என்றாள் பாக்கியலட்சுமி.

"நாலு மணிக்கு உப்புச் சங்கத்துல கூட்டம். சங்கத்துக்குப் பதினோரு கம்ப்யூட்டர் வாங்கறாங்க. எல்லாம் அந்த ஜான்சிகிட்டதான்னு பேச்சு. நான் எழுந்து நின்னு, இவ ஏமாத்துக்காரின்னு சொல்லப் போறேன். வாய்ப் பேச்சா சொல்ல மாட்டேன். நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க, சாட்சியோட சொல்றேன்."

"அவங்க ஏமாத்தலைன்னா?"

"ஏமாத்தியிருக்கா. எனக்குத் தெரியும்."

முடிவைக் கையில் வைத்துக்கொண்டு துப்பறியக் கூப்பிடும் ஆட்களைப் பாக்கியலட்சுமிக்கு அறவே பிடிக்காது. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் சாலமன் இரண்டடி தள்ளி நின்றுகொள்வான். இப்போதும் நின்றுகொண்டான்.

போன் செய்து கூப்பிட்டதும் ஜான்சி ஐந்து நிமிஷத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இருபத்தாறு வயது. பக்கத்து அனுமந்தையில் அப்பாவுக்கு மீன்பிடிப் படகு. சென்னையில் மூன்று வருஷம் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்துவிட்டு, போன தை மாதம்தான் மரக்காணத்தில் சொந்தமாகக் கடை போட்டவள். உள்ளே நுழைந்தவள் யாரையும் கும்பிடவில்லை. நேராகப் பெட்டியிடம் போய்ப் பக்கத்து மூடியைக் கழற்றினாள். கரண்ட் அளக்கும் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் உள்ளே வைத்து, மறுபடியும் ஆன் செய்தாள்.

"பாருங்க மேடம். பன்னெண்டு புள்ளி ஒண்ணு. ஆடலை, அசையலை. மூணு புள்ளி ஒம்போது எங்க இருக்குது? காட்டச் சொல்லுங்க இவரை."

"அது உன் மீட்டரு" என்றார் கலியபெருமாள். "நீ சொன்னபடிதான் காட்டும்."

"அப்ப உங்க கையை வெச்சுப் பாருங்கய்யா. நூத்திப் பதினெட்டு டிகிரின்னா தண்ணி கொதிச்சு ஆவியாப் போற சூடு. இப்பதானே செத்துச்சு? தொடுங்க!"

கலியபெருமாள் தொடவில்லை. சாலமன் தொட்டான். பெட்டியின் உள்ளே விசிறிக்குக் கீழே இருந்த உலோகத்தில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணினான்.

"என் நெத்தியைவிட இது பரவால்ல மேடம். வேணும்னா என்னை ஆஃப் பண்ணிடுங்க."

ஜான்சிக்குச் சிரிப்பு வரவில்லை. பாக்கியலட்சுமியைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போனாள். குரல் இறங்கியிருந்தது.

"மேடம், நான் பழைய சாமான் போடலை. வெள்ளிக்கிழமை இதைக் கடைக்குத் தூக்கிட்டுப் போய் ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். ஒரு தடவைகூட அணையலை. திங்கக்கிழமை திருப்பிக் கொண்டாந்து வெச்சேன், பத்து நிமிஷத்துல செத்துடுச்சு. எனக்கே புரியலை. ஆனா நாலு மணிக்கு இவர் கூட்டத்துல எழுந்து என்னைக் கள்ளின்னு சொன்னாருன்னா, இந்த ஊர்ல ஒரு மவுஸ்கூட யாரும் என்கிட்ட வாங்க மாட்டாங்க. கடையைப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். பயமா இருக்குது மேடம்."

பாக்கியலட்சுமி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். நேராக மேசைக்குத் திரும்பினாள். நல்ல வார்த்தை சொல்லி ஏமாற்றுவதைவிட வேலையைப் பார்ப்பது மேல் என்பது அவள் கட்சி.

அலுவலகக் கணக்கர் பிரபு ஒல்லியான ஆள். முதலாளி கூப்பிட்டால் பாதி எழுந்துகொண்டே "வர்றேன்" என்பான். கம்ப்யூட்டர் சாகும்போதெல்லாம் சுவரில் தொங்கிய காலண்டரில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தான். சாலமன் அதைச் சத்தம் போட்டு வாசித்தான்.

"காலையில ஆறே முக்கால். ஒம்போதே கால். பதினொன்னரை. அப்புறம் சாயங்காலம் நாலரை, ஆறு. மேடம், மத்தியானம் ஒரு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும் ஒரு நாள்கூடச் சாவு இல்லை. அரசாங்க ஆபீஸ் மாதிரி தூங்குது போல."

"முதல் சாவு எப்ப?"

"போன வாரம் புதன்கிழமை. மிஷின் வந்தது அதுக்கு முந்தின சனிக்கிழமை. நாலு நாள் நல்லாத்தான் இருந்திருக்கு."

"உப்புக் காத்து" என்றான் பிரபு தயங்கியபடி. "காலையிலயும் சாயங்காலமும் கடல் காத்து ஈரமா வரும். மத்தியானம் காஞ்சு கெடக்கும்."

"பழைய கம்ப்யூட்டர் இதே மேசையில எத்தனை வருஷம் இருந்துச்சு?"

"ஏழு வருஷம் மேடம்."

"அதே காத்துதானே வந்துச்சு?"

பிரபு தலையைச் சொறிந்தான். அதற்குள் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்த சாலமன் ஒரு கூச்சல் போட்டான்.

"கெடைச்சுட்டான் குற்றவாளி!"

பெட்டியின் பின்பக்கம், காற்றுத் துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புத் துணி முடிச்சு தொங்கியது. உள்ளே கல்லுப்பும் மூன்று காய்ந்த மிளகாயும் இருந்தன.

"திருஷ்டிக்குங்க" என்றான் பிரபு. "இந்த வருஷம் முதல்ல வாரின உப்பு. புது சாமான் எது வந்தாலும் கட்டுவோம். லாரிக்கும் கட்டியிருக்கோம்."

சாலமன் எழுந்து நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். அவன் வாழ்க்கையில் இப்படி ஒரு தருணத்துக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்தான்.

"மேடம், புது உப்பு ஈரத்தை இழுக்கும். காலையில கடல் காத்து வருது, உப்பு நனையுது, விசிறி அந்த ஈரத்தை உள்ள இழுக்குது, மிஷினுக்குப் பைத்தியம் பிடிக்குது. மத்தியானம் காயுது, தெளியுது. ஜான்சி கடையில முடிச்சு கெடையாது, அதனால பைத்தியமும் கெடையாது. கேஸ் முடிஞ்சுது. எனக்கு ஒரு டீ."

"முடிச்சு என்னிக்குக் கட்டினீங்க பிரபு?" என்று கேட்டாள் பாக்கியலட்சுமி.

"மிஷின் வந்த அன்னிக்கே."

"அப்ப நாலு நாள் ஏன் பைத்தியம் பிடிக்கலை சாலமன்?"

சாலமன் முடிச்சை அவிழ்த்து விரலால் கிளறினான். உப்பு மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. இருந்தாலும் விட மனசில்லாமல் அதை வெளியே கொண்டுபோய் வேலியில் கட்டிவிட்டு வந்தான். "இப்ப பாருங்க" என்றான். எல்லோரும் பார்த்தார்கள். கலியபெருமாள் ஒரு தடவை செல்லைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். 38. 38. 118. கீச். இருட்டு.

"டீயை நானே வாங்கிக்கறேன் மேடம்" என்றான் சாலமன்.

ஆனால் பாக்கியலட்சுமி இந்த முறை திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்திருந்தாள். முப்பத்தெட்டிலிருந்து நேராக நூற்றுப் பதினெட்டு. நடுவில் ஐம்பது இல்லை, எழுபது இல்லை, நூறு இல்லை. அடுப்பில் வைத்த பால்கூட இப்படித் தாவாது. காலண்டரிலும் பிரபு ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் 118 என்றுதான் குறித்திருந்தான். ஒரு தடவைகூட 117 இல்லை, 119 இல்லை. உண்மையான சூடாக இருந்தால் ஒன்றிரண்டு கூடக் குறைய வரும். இது சூட்டின் எண்ணே இல்லை, வேறு எதற்கோ உரிய எண்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

"நடந்துட்டு வரலாம்" என்றாள்.

கலியபெருமாளும் கூடவே வந்தார். வரப்பின் இரண்டு பக்கமும் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. ஒரு பாத்தி ஓரத்தில் ஒருவன் கண்ணாடிக் குழல் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து வந்து கலியபெருமாளின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். இரண்டு நிமிஷத்தில் இன்னொருவன் வந்தான். அதே பாத்தியில் வேறு குழலைப் போட்டுப் பார்த்தான். அவனும் வந்து காதில் சொல்லிவிட்டுப் போனான்.

"என்ன ரகசியம் ஐயா?" என்றான் சாலமன்.

"ரகசியம் இன்னா? உப்புத்தண்ணி எவ்ளோ கெட்டின்னு டிகிரி பாக்குறாங்க. இருபத்தி நாலுக்கு வந்தாத்தான் அடுத்த பாத்திக்கு மடை திறக்கணும். ஒருத்தன் பேச்சை நம்பி முன்னாடியே திறந்துட்டா அந்தத் தடவை உப்பு போச்சு. ஒரு தடவை எனக்கு அப்படிப் போச்சு. அன்னியிலேர்ந்து எல்லாத்துக்கும் ரெண்டு ஆளு. இவன் இன்னா சொன்னான்னு அவனுக்குத் தெரியாது. ரெண்டும் ஒத்துப் போனாத்தான் நான் நம்புவேன்."

"வீட்ல சாம்பாருக்கு உப்பு போதுமான்னுகூட ரெண்டு பேரா ஐயா?"

"என் சம்சாரம் கையில கரண்டி இருக்கும். அங்க ஒரே ஆளுதான்" என்றார் கலியபெருமாள். அந்த ஆளிடம் நகைச்சுவை உணர்ச்சி ஒளிந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது.

சாலமன் சட்டென்று பாக்கியலட்சுமியின் முழங்கையைத் தொட்டான். "மேடம், திரும்பாதீங்க. நீல ஹெல்மெட். காலையில டீக்கடையில இருந்தான். ஜான்சி வந்தப்ப கேட்டுக்கு வெளியில இருந்தான். இப்ப ஆபீசுக்குள்ள போறான்."

இருவரும் திரும்பி நடந்தார்கள். நடந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வரப்பில் ஓடினால் வழுக்கும் என்பதால் ஓடாததுபோல ஓடினார்கள்.

நீல ஹெல்மெட்காரர் பிரபுவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"யார் சார் நீங்க?" என்றாள் பாக்கியலட்சுமி.

"ஜெயசீலன். பாண்டிச்சேரி. தனியார் துப்பறிவாளர்." அவர் மீசையை நீவினார். "நீங்க?"

"தனியார் துப்பறிவாளர். திண்டிவனம்."

பின்னாலேயே வந்து சேர்ந்த கலியபெருமாள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவரை யார் கூப்பிட்டது ஐயா?"

"நான்தான்" என்றார் கலியபெருமாள். துளி வெட்கமில்லை. "ஒருத்தர் சொல்றதை வெச்சு எப்படி நம்பறது?"

சாலமன் விரலை நீட்டி, ஒன்று, இரண்டு என்று துப்பறிவாளர்களை எண்ணினான்.

பாக்கியலட்சுமிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. மணி இரண்டே கால். சண்டைக்கு நேரமில்லை. ஜெயசீலனை இல்லாத ஆளாக வைத்துக்கொண்டு பிரபுவைப் பார்த்துக் கேட்டாள். ஜெயசீலனும் அவளை இல்லாத ஆளாக வைத்துக்கொண்டு அதே நொடியில் கேட்டார்.

"இன்னிக்கு மொத்தம் எத்தனை தடவை அணைஞ்சுது?"

"அந்தப் பொண்ணு எத்தனை மணிக்குக் கடை திறப்பா?"

பிரபு பாதி எழுந்தான். இவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வேர்த்தான். பாக்கியலட்சுமியிடம் "ஒம்போதரை மேடம்" என்றான். ஜெயசீலனிடம் "நாலு தடவை சார்" என்றான்.

இருவரும் விடவில்லை.

"மறுபடி சொல்லுங்க, மிஷின் கெட ஆரம்பிச்சது என்னிக்கு?"

"அவ கடையில வேலை செய்யறது யாரு?"

"அவங்க ஒருத்திதான் மேடம். போன புதன்கிழமை சார்."

சாலமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அருமை! ஒம்போதரை தடவை அணைஞ்சிருக்கு. அவங்க கடையில புதன்கிழமைதான் வேலை செய்யுது. டேய் பிரபு, பொய் சொல்லாமலே பொய் சாட்சி சொன்ன ஒரே ஆளு நீதான்டா!"

பாக்கியலட்சுமி சிரிக்கவில்லை. கையை உயர்த்தினாள். அறை அடங்கியது.

"இன்னொரு தடவை சொல்லு சாலமன்."

"எதை மேடம்? பொய் சொல்லாமலே..."

"அதான்." அவள் மேசையைச் சுற்றிவந்து திரைக்கு முன்னால் குனிந்தாள். மறுபடியும் ஆன் செய்யப்பட்ட கம்ப்யூட்டர் மூலையில் பச்சையில் 38 என்று காட்டிக்கொண்டிருந்தது. "பிரபு, இந்த டிகிரி காட்டற சாஃப்ட்வேரை யார் போட்டது?"

"நான்தான் மேடம். முதலாளி போடச் சொன்னாரு, மிஷின் வந்த மறுநாள். நூறைத் தாண்டினா அதுவே ஆஃப் ஆகிற மாதிரி வெச்சேன்."

"இது சூடு மட்டும்தானே காட்டுது? வோல்ட் எங்க காட்டுது?"

"வோல்ட் இதுல வராதுங்க. சூடு மட்டும்தான்."

பாக்கியலட்சுமி மெல்ல நிமிர்ந்து கலியபெருமாளைப் பார்த்தாள்.

"ஐயா. காலையில நான் வந்ததும் மூணு புள்ளி ஒம்போது வோல்ட்னு சொன்னீங்க. இந்தத் திரை சொல்லலை. ஜான்சி மீட்டர் பன்னெண்டுன்னு சொல்லுது. பிரபுவுக்குத் தெரியாது. உங்களுக்கு யார் சொன்னது?"

உப்பளத்துக் காற்று ஜன்னல் கதவை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனது. கலியபெருமாளின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் அதை மூடிக்கொண்டது.

"செல்லை எடுங்க ஐயா."

எடுத்தார். வேண்டா வெறுப்பாக எடுத்தார். அதில் ஒரு ஆப் இருந்தது. பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜமீல் போட்டுக் கொடுத்தது. பிரபு இல்லாத நேரம் பார்த்து ஜமீலை வரவழைத்துக் கம்ப்யூட்டருக்குள்ளும் அதற்கு ஒரு துணை சாஃப்ட்வேரைப் பதுக்கி வைக்கச் சொல்லியிருந்தார். பாத்தியில் நின்றபடி ஆப்பைத் திறந்தால், அது இன்டர்நெட் வழியாகக் கம்ப்யூட்டரிடம் வோல்ட் கேட்டு வாங்கிக் காட்டும்.

"எப்ப போட்டது?"

"போன வாரம்... செவ்வாக்கிழமை சாயங்காலம்."

"முதல் சாவு புதன்கிழமை" என்றான் சாலமன் காலண்டரைத் தட்டி.

"மத்தியானம் ஒரு மணியிலேர்ந்து மூணு வரைக்கும் என்ன பண்ணுவீங்க ஐயா?"

"சாப்பிட்டுட்டுப் படுப்பேன். வெயில்ல எவன் நிப்பான்?"

"படுத்தா செல்லைப் பாக்க மாட்டீங்க."

ஜான்சி கடைக்குப் போகாமல் மூலையில் கைகட்டி நின்றிருந்தாள். கட்டிய கை அவிழ்ந்தது. "ஐயோ" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு சாஃப்ட்வேரா! மேடம், சூடு, வோல்ட் எல்லாத்தையும் ஒரே ஒரு சின்ன சிப்புதான் பாத்துச் சொல்லும். ஒவ்வொண்ணையும் வெறும் எண்ணாத்தான் வெச்சிருக்கும், கேட்டவங்களுக்கு எடுத்துக் குடுக்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா யாருக்கு எதைக் குடுக்கறோம்னே அதுக்குத் தெரியாது. வோல்ட்டுக்கான எண்ணு நூத்திப் பதினெட்டு. அதைச் சூடு கேட்ட பிரபு சாஃப்ட்வேர் வாங்கிட்டு நூத்திப் பதினெட்டு டிகிரின்னு அலறுது. சூட்டோட முப்பத்தெட்டை வோல்ட் கேட்ட செல்லு வாங்கிக் கணக்குப் போட்டு மூணு புள்ளி ஒம்போதுங்குது! என் கடையில நான் நெட்டே குடுக்கலை. அதான் அங்க ஒழுங்கா இருந்துச்சு."

"பிரபு மாதிரி" என்றான் சாலமன் பயபக்தியோடு.

"பிரபு மாதிரியேதான்" என்றாள் பாக்கியலட்சுமி. "சாட்சி நல்லவன்தான் ஐயா. விசாரிச்சவங்கதான் ரெண்டு பேர்."

கலியபெருமாள் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷப் பழக்கம் ஒரு பேச்சில் போய்விடுமா என்ன. "பேச்சு நல்லாத்தான் இருக்குது. எனக்குக் கண்ணால காட்டணும்" என்றார்.

காட்டினார்கள். சாலமன் அவரை வரப்பின் கடைசி வரைக்கும் அழைத்துக்கொண்டு போனான். அலுவலகத்தில் பாக்கியலட்சுமியும் ஜெயசீலனும் திரைக்கு முன் உட்கார்ந்தார்கள். ஜெயசீலனுக்கு ரோஷம் ஒரு பக்கம் இருந்தாலும் ஆர்வம் பெரிதாக இருந்தது. கால் மணி நேரம் செல்லைத் தொடக் கூடாது என்று உத்தரவு. கால் மணி நேரமும் 38. பிறகு சாலமன் போனில், "இப்ப திறக்கறாரு" என்றான். கீச். இருட்டு. மறுபடியும் ஆன் செய்து, மறுபடியும் திறந்தார்கள். மூன்று தடவையில் மூன்று தடவையும் செத்தது.

"இப்ப பிரபு போட்டதை எடுத்துடு ஜான்சி" என்றாள் பாக்கியலட்சுமி. ஜான்சி எடுத்தாள். "சாலமன், ஐயாவைத் திறக்கச் சொல்லு. எவ்ளோ காட்டுது?"

போனில் கலியபெருமாளின் குரலே வந்தது. அதில் காலையில் இருந்த அதட்டல் இல்லை.

"பன்னெண்டு புள்ளி ஒண்ணு" என்றார்.

ஜான்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மணி மூன்றே முக்கால்.

உப்புச் சங்கக் கட்டிடத்தில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். மின்விசிறிகள் சுழன்றன, ஒருவருக்கும் காற்று வரவில்லை. ஜான்சி கடைசி வரிசையில் பாக்கியலட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்தது வேறு, அதை ஊர் நடுவில் ஒரு பெரிய மனுஷன் வாயால் ஒத்துக்கொள்வது வேறு. அது அவளுக்குத் தெரியும்.

சங்கத் தலைவர் புருஷோத்தமன் தொண்டையைச் செருமினார்.

"பதினோரு கம்ப்யூட்டர் விஷயம். கலியபெருமாள் ஆபீஸ் மிஷின் கோளாறுன்னு ஊரெல்லாம் பேச்சு. இன்னாப்பா, நீயே சொல்லு."

கலியபெருமாள் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். எல்லாத் தலைகளும் திரும்பின.

"கோளாறு இருந்துச்சு" என்றார்.

கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது. சாலமன் மெதுவாக, "போச்சு" என்றான்.

"இருந்துச்சு. மிஷின்ல இல்ல." கலியபெருமாள் குரலை உயர்த்தினார். "நான் பாத்தியில பண்ற மாதிரி, ஒருத்தனுக்குத் தெரியாம இன்னொருத்தனை வெச்சு டிகிரி பாத்தேன். மிஷினு பாத்தி இல்லை, அதுக்கு ஒரே வாய். ரெண்டு பேர் கேட்டதுல உளறிடுச்சு. அந்த உளறலை வெச்சு இந்தப் பொண்ணைக் கள்ளின்னு பத்து பேர்கிட்டச் சொல்லிட்டேன். சொன்னது தப்பு. தப்பு என்னுது. அவ குடுத்த சாமான் சுத்தமான சாமான்."

புருஷோத்தமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். இருவரும் சிறுவயதிலிருந்தே சிநேகிதர்கள். கலியபெருமாள் தப்பு என்று ஒத்துக்கொண்டதை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"சரிப்பா. அப்ப பதினோரு மிஷினையும் அவளே போடட்டும். வந்ததும் சரியா இருக்குதான்னு யார் பாக்குறது? உன் வழக்கப்படி ரெண்டு ஆளு போடட்டுமா?"

கலியபெருமாளின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. பாதி வழியில் நின்றது. கடைசி வரிசையை ஒரு தடவை பார்த்தார்.

"வேணாம். ஜான்சி ஒருத்தி பாத்தா போதும்."

ஜான்சி அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் நாற்பது பேருக்கு நடுவில் வந்தது. அவள் மறைக்கவும் இல்லை. பாக்கியலட்சுமி அவள் முதுகில் கையை வைத்தாள். நியாயம் ஜெயிப்பதைத் தினமும் பார்க்கிற தொழில் இல்லை அவளுடையது, அதனால் அவளுக்கும் கண் கொஞ்சம் கலங்கியது.

"எழுதிக்கோ சாலமன்" என்றாள், குரலைச் சரிசெய்துகொண்டு. "கேஸ் முடிஞ்சுது."

சாலமன் பேனாவைத் திறந்தான். இரண்டு நாற்காலி தள்ளி ஜெயசீலனும் தன் நோட்டைத் திறப்பதைப் பார்த்தான்.

"நீங்க மூடிடுங்க சார்" என்றான். "ஒருத்தர் எழுதினா போதும்."